பாய்மரத்தில் அறைந்த தங்கக் காசு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கில இலக்கியம் படித்த பலருக்கும் பழக்கமான தேர்வுக் கேள்வி ஒன்று உண்டு. மோபி டிக் நாவலில் வரும் வெள்ளைத் திமிங்கிலம் எதன் குறியீடு? தீமை என்று எழுதலாம், இயற்கை என்று எழுதலாம், கடவுள் என்றும் எழுதலாம். நானும் ஒரு விடையை மனப்பாடம் செய்து எழுதியவன்தான். பல வருஷம் கழித்து 135 அத்தியாயங்களையும் பொறுமையாக உட்கார்ந்து படித்தபோதுதான், அந்தக் கேள்வியை நாவலே கையில் எடுத்துப் பேசுகிறது என்று தெரிந்தது. அது 99-ஆம் அத்தியாயம். இன்று அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

நாவலை எழுதிய ஹெர்மன் மெல்வில், 1841-இல் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் மாலுமியாகப் போனவர். திமிங்கில எண்ணெயில் விளக்கு எரிந்த காலம் அது. பத்து வருஷம் கழித்து, 1851-இல் இந்த நாவல் வெளிவந்தது. தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கியே தீருவேன் என்று ஒரு கப்பலையும் அதில் உள்ள அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு போகிறான் தலைவன் ஆகாப். திமிங்கிலத்தை முதலில் கண்டு சொல்பவனுக்கு என்று ஒரு தங்கக் காசைப் பாய்மரத்தில் ஆணியடித்து வைக்கிறான்.

ஈக்குவடோர் நாட்டுக் காசு அது. மூன்று மலைச் சிகரங்கள். ஒன்றில் தீச்சுவாலை, ஒன்றில் கோபுரம், மூன்றாவதில் கூவுகிற சேவல். மேலே ராசிச் சக்கரத்தின் ஒரு பகுதி. சூரியன் துலாத்தில் நுழைகிறது. ஒருவர் பின் ஒருவராக வந்து அந்தக் காசின் முன் நிற்கிறார்கள்.

ஆகாப் பார்க்கிறான். கோபுரமா, அது ஆகாப். எரிமலையா, அதுவும் ஆகாப். சேவலும் ஆகாப்தான். அடுத்தவன் கப்பலின் முதல் துணைத்தலைவன் ஸ்டார்பக், தெய்வபக்தி உள்ளவன். அவனுக்கு மூன்று சிகரங்களும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற பரிசுத்த திரித்துவமாகத் தெரிகின்றன. நடுவே இருக்கும் இருண்ட பள்ளத்தாக்கு மனிதர்களாகிய நாம் வாழும் இடம். இரண்டாம் துணைத்தலைவன் ஸ்டப் தன் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து, மேஷத்தில் ஆரம்பித்து மீனம் வரைக்கும் மனித வாழ்க்கையையே படித்துவிடுகிறான். மூன்றாம் துணைத்தலைவன் ஃப்ளாஸ்க்குக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. பதினாறு டாலர், சுருட்டு ஒன்று இரண்டு சென்ட், ஆக 960 சுருட்டு என்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 800தான் வரும்! காசைக் காசாக மட்டும் பார்த்தவனுக்கும் அது சரியாகப் பிடிபடவில்லை.

கடைசியில் வருகிறான் பிப். கஞ்சிரா போன்ற ஒரு வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு திரியும் கறுப்பினச் சிறுவன். முன்பு ஒருமுறை வேட்டையின்போது பயத்தில் படகிலிருந்து குதித்துவிட்டான். இன்னொரு தடவை குதித்தால் விட்டுவிட்டுப் போய்விடுவோம், அலபாமாவில் உன்னை விற்றால் கிடைப்பதைவிட முப்பது மடங்கு ஒரு திமிங்கிலத்துக்குக் கிடைக்கும் என்று ஸ்டப் எச்சரித்தான். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் கடுமையான சட்டம் 1850-இல் அமெரிக்காவில் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வரியைப் படிக்க வேண்டும். பிப் மறுபடியும் குதித்தான். அவர்கள் சொன்னபடியே விட்டுவிட்டுப் போனார்கள். நடுக்கடலில் தனியாக மிதந்து மீண்டவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அந்தப் பிப் காசைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல் சொல்கிறான்: நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான், நாம் பார்க்கிறோம், நீங்கள் பார்க்கிறீர்கள், அவர்கள் பார்க்கிறார்கள்.

அந்தக் கப்பலில் தானே விலை பேசப்பட்டவன் அவன். அந்தக் காசைப் பற்றி உண்மையைச் சொன்னவனும் அவன் ஒருவன்தான் என்று நான் நினைக்கிறேன். திமிங்கிலமும் அந்தக் காசைப் போலத்தான், பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. அது இதுதான், இது மட்டும்தான் என்று அடித்துச் சொல்பவன் ஆகாப். தேர்வில் நாங்கள் எழுதியது ஆகாப்பின் விடை.

கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பெயர் பீக்வாட். 1636 முதல் 1638 வரை நடந்த போரில் ஆங்கிலேயக் குடியேறிகளால் கொன்று குவிக்கப்பட்ட ஒரு பூர்வகுடியின் பெயர் அது. அழிந்தே போய்விட்டார்கள் என்று கதைசொல்லி சொல்கிறான். உண்மையில் அவர்களின் வம்சத்தார் இன்றும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்கிறார்கள். கப்பலின் சுக்கான் பிடி திமிங்கிலத்தின் தாடை எலும்பு. ஆகாப்பின் பொய்க்காலும் திமிங்கில எலும்பில் செதுக்கியதுதான். எதைக் கொல்லப் புறப்பட்டானோ அதன் எலும்பில் ஊன்றித்தான் அவன் நிற்கிறான்.

எனக்கு மிகவும் பிரியமான பொருள் வேறொன்று. பசிபிக் தீவு ஒன்றிலிருந்து வந்த குவீக்வெக், ஈட்டி எறிவதில் சூரன். காய்ச்சலில் படுத்தவன், பிழைக்கமாட்டோம் என்று தனக்கொரு சவப்பெட்டி செய்யச் சொல்கிறான். பிறகு பிழைத்து எழுந்து, அதில் துணிமணி வைத்துக்கொள்கிறான். தன் உடம்பில் இருக்கும் பச்சைக்குத்துகளை அதன் மூடியில் செதுக்குகிறான். வானமும் பூமியும் பற்றிய முழு ஞானத்தையும் அவன் தீவின் ஞானி ஒருவர் அவன் உடம்பில் எழுதியிருக்கிறார். அதைச் சுமப்பவனுக்கே அதை வாசிக்கத் தெரியாது.

பின்னால் கப்பலின் உயிர்காப்பு மிதவை மூழ்கிப்போகவே, அந்தப் பெட்டியையே கீல் பூசி மிதவையாக்குகிறார்கள். முப்பது பேருக்கு முப்பது கயிறு தொங்கவிடப்போவதாகத் தச்சன் சொல்கிறான். கப்பல் மூழ்கியபோது அதைப் பற்றிக்கொள்ள மிஞ்சியவன் ஒருவன்தான், கதை சொல்லும் இஸ்மவேல். லண்டனில் முதலில் வந்த பதிப்பில் இந்த முடிவுரை விடுபட்டுப்போயிற்று. எல்லோரும் செத்துவிட்டால் கதை சொன்னது யார் என்று அங்கே விமர்சகர்கள் கேட்டார்கள்.

தமிழ் வேதாகமம் வாசிப்பவர்களுக்கு ஆகாப், இஸ்மவேல் என்ற பெயர்கள் அந்நியம் அல்ல. தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் அடையாத ராகேலையும் தெரியும். நாவலில் ராகேல் என்று ஒரு கப்பல் வருகிறது. அதன் தலைவர், கடலில் காணாமல்போன பன்னிரண்டு வயது மகனைத் தேட உதவி கேட்டு ஆகாப்பிடம் மன்றாடுகிறார். ஆகாப் மறுத்துவிடுகிறான். சவப்பெட்டியைப் பற்றியபடி ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் மிதந்த இஸ்மவேலைத் தூக்கி எடுப்பது அந்த ராகேல்தான். தொலைந்த பிள்ளையைத் தேடி வந்த வழியே திரும்பிவந்த கப்பல் அது. கண்டெடுத்ததோ வேறொரு அநாதையை. மூலத்தில் நாவலின் கடைசிச் சொல்லும் அதுதான்: அநாதை.

நன்றி, வணக்கம்.