தடுப்பணி திறந்துவைக்கும் வாசல்

அன்பிற்குரிய கபடி வீரர்களே, வீராங்கனைகளே, பயிற்சியாளர்களே, வணக்கம்.

எதிரணிப் பாதிக்குப் பாடிச் செல்பவருக்கு, அதாவது ரைடருக்கு, ஒரு ரைடுக்கு விதி தருவது 30 விநாடிகள். அதற்குள் போனஸ் கோட்டுக்கு அப்பால் கால் வைத்துப் பெறும் போனஸ் புள்ளியா, தொடுகையா, வெறுங்கையோடு திரும்புவதா என்பதை முடிவு செய்பவர் அவரே என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் அந்த முடிவில் பாதியை, எதிரே கைகோத்து நிற்பவர்கள் தாம் நிற்கும் விதத்தாலேயே எடுத்து முடித்திருக்கிறார்கள் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

ஆடுகளத்தின் அளவையே பாருங்கள். ஆடவர் களத்தில் ஓர் அணியின் பாதி 6.5 மீட்டர் ஆழம் கொண்டது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், ரைடர் கடந்தாக வேண்டிய பாக் கோடு, அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு, அதன் பின்னே எஞ்சுவது 1.75 மீட்டர். இந்த இடம் முழுவதையும் ஏழு பேர் சேர்ந்தாலும் அடைத்துவிட முடியாது. இரு ஓரங்களிலும் நிற்கும் கார்னர்கள் கடைக்கோட்டை ஒட்டிப் பதுங்கினால் போனஸ் கோட்டுக்கு அப்பால் கால் வைக்க இடம் கிடைக்கிறது. போனஸைக் காக்க அவர்கள் முன்னேறினால் நம் கைக்கு எட்டும் தொலைவுக்கு வந்துவிடுகிறார்கள். நடுப்பகுதியில் நிற்கும் கவர் ஆட்டக்காரர்கள் திரும்பும் வழியை மறிக்க ஏறி நின்றால் தொடுவதற்கு எட்டிவிடுகிறார்கள். பின்வாங்கினால் நடுக்கோட்டுக்கான வழி திறந்துவிடுகிறது. எதை விட்டுக்கொடுப்பது என்பது மட்டுமே தடுப்பணியின் கையில் இருக்கிறது.

ஆகவே, பாடத் தொடங்குமுன் தலைகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஆறு பேரோ அதற்கு மேலோ நின்றால்தான் போனஸ் உண்டு. ஐந்து பேர் நிற்கும்போது போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டிப் பிடிபடும் இளைஞர்களை எத்தனையோ போட்டிகளில் பார்த்துவிட்டேன். புரோ கபடி லீக் விதிப்படி, களத்தில் மூவரோ அதற்குக் குறைவானவர்களோ மட்டும் நிற்கும்போது நம்மைப் பிடித்துவிட்டால் அது சூப்பர் டேக்கிள், அவர்களுக்கு இரண்டு புள்ளி. ஆள் குறைந்த தடுப்பணியை எளிய இரையென்று எண்ணிப் பாய்பவர், அந்த மூவரும் அதற்காகவே காத்திருப்பதை மறந்துவிடுகிறார். நம் அணியின் முந்தைய இரண்டு ரைடுகளும் வெறுமையாக முடிந்திருந்தால் நிலைமை வேறு: அது டூ ஆர் டை ரைடு, புள்ளி எடுக்காமல் திரும்பினால் ஆட்டமிழக்க வேண்டியதுதான். அப்போது அவசரம் முழுக்க நம்முடையது என்பது எதிரணிக்கும் தெரியும்.

ரைடர் பர்தீப் நர்வாலின் டுப்கியை, தடுப்பாளர்களின் கைகளுக்கு அடியில் குனிந்து நழுவும் அந்த உத்தியை, எல்லோரும் வியந்து பேசுகிறோம். 2017ஆம் ஆண்டுப் புரோ கபடித் தொடரில் பாட்னா பைரேட்ஸ் அணிக்காக அவர் 369 ரைடு புள்ளிகள் குவித்தார். அந்த டுப்கி எங்கே பிறக்கிறது? தடுப்பாளர்கள் சங்கிலியாகக் கைகோத்து, நிமிர்ந்து, திரும்பும் வழியை மறித்து வருகிறபோது அவர்களின் கைகளுக்கும் தரைக்கும் நடுவே உண்டாகும் இடைவெளியில்தான். தடுப்பாளர்கள் குனிந்து, இடுப்பைத் தாழ்த்தி வந்தால் அந்த இடைவெளி இராது; அப்போதும் தலையைக் கொடுத்து நுழையப் பார்ப்பவர் தாமாகவே பிடியில் விழுகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். திறந்திருப்பதெல்லாம் வாசல் அல்ல. தேர்ந்த கார்னர் ஆட்டக்காரர் வேண்டுமென்றே அரையடி பின்வாங்கி, போனஸுக்கு ஆசை காட்டி, கால் நீளும் கணத்தில் கணுக்காலைப் பற்றுவார். எங்கள் ஊர்க் களத்தில் சடுகுடு கற்றுத் தந்த பெரியவர், எதிராளியின் கையைப் பார்க்காதே, குதிகாலைப் பார் என்பார். ஆசை காட்டுபவரின் கைகள் தளர்ந்து தொங்கினாலும், பாய ஆயத்தமானவரின் உடல்பாரம் முன்னங்காலுக்கு வந்து குதிகால் தரையைவிட்டு எழும்பும். அதை மறைப்பது கடினம்.

2016ஆம் ஆண்டு அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா இடைவேளையின்போது ஈரானிடம் 13-18 என்று பின்தங்கியிருந்தது. பின்னாளில் தமிழ் தலைவாஸ் அணிக்குத் தலைமை தாங்கிய அஜய் தாக்கூர் அந்த ஆட்டத்தில் 12 புள்ளிகள் எடுத்தார். இந்தியா 38-29 என்று வென்றது. இரண்டே ஆண்டுகள் கழித்து, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் அதே ஈரான் இந்தியாவை 27-18 என்று வீழ்த்தியது. 1990 முதல் தொடர்ச்சியாக ஏழு முறை ஆடவர் தங்கம் வென்ற அணி, அந்த ஆட்டம் முழுவதிலும் 18 புள்ளிகளுக்கு மேல் எடுக்க முடியவில்லை. வீரர்களின் திறமை இரண்டு ஆண்டில் கரைந்துபோனது என்று நான் கருதவில்லை. நம் ரைடர்களின் வழக்கங்களை ஈரானியத் தடுப்பாளர்கள் கற்றுத் தேர்ந்திருந்தார்கள். அந்தத் தடுப்பு நம்மிடமிருந்து புதிதாக என்ன கேட்டது என்பதை நாம் உரிய நேரத்தில் படிக்கவில்லை என்பதே என் கணிப்பு.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீரர் ஆட்டத்தின் முதல் ரைடில் வெறுங்கையோடு திரும்பினால் கடிந்துகொள்ளாதீர்கள். இடக் கார்னர் முந்தி நகர்ந்தாரா, வலக் கவர் எந்தப் பக்கம் சாய்ந்தார், சங்கிலி எந்த இடத்தில் அறுந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடை, அடுத்துப் பாடப் போகிறவரின் காதிலும் விழட்டும்.