சோடியம் ஒன்றும் வள்ளல் இல்லை: அடுப்படியில் ஓர் உப்புக் கணக்கு

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கேமரா அடுப்படியில். பின்னால் குக்கர் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பருப்பு வேகிறது.

முதலில் பக்கத்து அடுப்பின் தீயைப் பாருங்கள். நல்ல நீலம். உப்புத் தண்ணீரில் நனைத்த கரண்டி நுனியை அதில் காட்டுகிறேன். பார்த்தீர்களா, மஞ்சள்! உப்புப் போட்ட உலை பொங்கி வழியும்போது அடுப்பு இப்படித்தான் மஞ்சளாகச் சீறும். தினமும் பார்ப்பதுதான், ஆனால் அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று யார் யோசிக்கிறோம்?

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். உள்கூட்டில் 2, அடுத்ததில் 8, வெளியே தனியாக 1. தீயின் சூட்டில் அந்தப் பதினோராவது ஆள் ஒரு படி மேலே ஏறுகிறது. நிற்க முடியாமல் உடனே இறங்குகிறது. இறங்கும்போது விடும் ஒளிதான் இந்த மஞ்சள், அலைநீளம் 589 நானோமீட்டர். மற்ற பத்துப் பேரும் இதில் தலையிடுவதில்லை. இன்றைய வீடியோ முழுக்க இந்தப் பதினோராவது ஆளைப் பற்றித்தான்.

அது எவ்வளவு தனியாக இருக்கிறது என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். அணுவை ஒரு கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் பெரிதாக்கினால், அணுக்கரு நடுப் பிட்சில் கிடக்கும் ஒரு கடுகு. 11 புரோட்டான், 12 நியூட்ரான், கிட்டத்தட்ட மொத்த எடையும் அந்தக் கடுகுக்குள். நம்ம ஆள் பவுண்டரி பக்கம். அதற்கும் கருவுக்கும் நடுவே பத்து எலக்ட்ரான்கள் மறைத்துக்கொண்டிருப்பதால் கருவின் இழுப்பு அதற்குக் கொஞ்சம்தான் எட்டுகிறது.

சரி, கதைக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது இப்படி: சோடியத்திடம் ஒன்று கூடுதல், குளோரினுக்கு ஒன்று குறைவு. சோடியம் கொடுக்கும், குளோரின் வாங்கிக்கொள்ளும், இரண்டுக்கும் வெளிக்கூட்டில் எட்டு, சுபம். அம்புக்குறி போட்டு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வெகு நாள் கழித்து ஆற்றல் கணக்கைப் பார்த்தபோதுதான் இடித்தது. சோடியம் எதையும் சும்மா கொடுக்கவில்லை!

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். சோடியம் ஆவி 23 கிராம் எடுத்து, அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் பிடுங்கினால் செலவு 496 கிலோஜூல். அவற்றை 35.5 கிராம் குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது நமக்குத் திரும்பக் கிடைப்பது 349. ஆக, 147 நஷ்டம். கொடுத்தவரும் வாங்கியவரும் சந்தோஷமாகப் போனார்கள் என்பது உண்மையானால் இந்த நஷ்டம் எப்படி வந்தது? இதோடு நின்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

லாபம் அடுத்த கட்டத்தில் வருகிறது. எலக்ட்ரானை இழந்த சோடியம் நேர்மின் அயனி, வாங்கிய குளோரின் எதிர்மின் அயனி. இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, வரிசை கட்டிப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது 787 கிலோஜூல் வெளியே வருகிறது. பாடப்புத்தகத்தில் இதற்குப் படிகக்கூடு ஆற்றல் என்று பெயர். சோடியத்தை ஆவியாக்கிய செலவு, வாயுவில் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும் குளோரின் ஜோடியைப் பிரித்த செலவு எல்லாம் கழித்தாலும் கையில் 411 நிற்கிறது. உப்பு உண்டாவது இந்த லாபத்தால். எட்டு எலக்ட்ரான் மேல் அணுவுக்கு ஆசை என்பதெல்லாம் நாம் மனப்பாடம் செய்யக் கட்டிய கதை.

அப்படியானால் சோடியம் இன்னொன்றையும் விட்டால் லாபம் இன்னும் கூடுமே என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டாவது எலக்ட்ரான் இருப்பது எட்டுப் பேர் இருக்கும் கூட்டில், கருவுக்கு இன்னும் பக்கத்தில். அதைப் பிடுங்க மட்டும் 4562 கிலோஜூல், முதல் செலவைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல். சோடியமும் குளோரினும் கட்டும் எந்தப் படிகமும் அவ்வளவைத் திருப்பித் தராது. அதனால் ஒன்றோடு பேரம் முடிகிறது.

இப்போது கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இது நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய இந்துப்பு, கொஞ்சம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் துண்டாகப் பார்த்து எடுத்தேன். கத்தி முனையை வைத்து மேலே லேசாக ஒரு தட்டு. முதல் தட்டில் ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று... விரிசல் போன முகத்தைப் பாருங்கள், தேய்த்து வைத்த மாதிரி வழவழவென்று. ஓரம் நேர்கோணம். சில்லுகூடக் குட்டிப் பெட்டி மாதிரிதான் இருக்கிறது.

உள்ளே அடுக்கே அப்படி. ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரின்: மேலே, கீழே, முன்னே, பின்னே, இடம், வலம். ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் அதே போல ஆறு சோடியம். பக்கத்து இடைவெளி 0.28 நானோமீட்டர். நான் தட்டும்போது ஓர் அடுக்கு துளி நகர்ந்தால் போதும், சோடியத்துக்கு நேரே சோடியம், குளோரினுக்கு நேரே குளோரின் வந்துவிடும். ஒரே மின்சுமை நேருக்கு நேர் நின்றால் தள்ளத்தானே செய்யும்? அந்தத் தளத்தோடு கல் பிளக்கிறது. இரும்பை அடித்தால் நசுங்குகிறது, உப்பு தெறிக்கிறது.

இதில் எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்குச் சொந்தம்? யாரும் யாருக்கும் சொந்தமில்லை. ஜோடி என்பதே கிடையாது. இதை 1913இல் எக்ஸ் கதிர் வைத்துக் கண்டுபிடித்தவர் லாரன்ஸ் பிராக் என்ற இயற்பியலாளர். அப்போது அவருக்கு வயது 23. இரண்டு வருடத்தில் அப்பாவோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கிவிட்டார். ஆனாலும் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற பழுத்த வேதியியலாளர், 1927இல் 79 வயதில், ‘நேச்சர்’ இதழுக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதினார். சதுரங்கப் பலகை மாதிரி அணுக்களாம், உப்பு மூலக்கூறே இல்லையாம், இது அபத்தம், இது வேதியியல் கிரிக்கெட்டே இல்லை, அதாவது நேர்மையான ஆட்டமே இல்லை என்று. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானும் பரீட்சைத் தாளில் ஒரு சோடியம், ஒரு குளோரின் என்று ஜோடி போட்டு வரைந்தவன்தானே.

இரண்டாவது விசில். வேகமாகப் போவோம்.

அயனிகளின் அந்தப் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதற்கு இந்த வாணலி. ஒரு பக்கம் சர்க்கரை, ஒரு பக்கம் தூத்துக்குடிக் கல் உப்பு. சர்க்கரை அதற்குள் உருகிப் பொன்னிறமாகிறது. ஒரு சர்க்கரை மூலக்கூறுக்குள் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாம் எலக்ட்ரானைப் பங்குபோட்டுக் கெட்டியாக இருக்கின்றன, அது சகப்பிணைப்பு. ஆனால் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் நடுவே பிடிப்பு குறைவு, அதனால் சீக்கிரம் உருகுகிறது. உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஐயோ! இல்லை, உட்காரவில்லை, தெறிக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்டால் படபடவென்று வெடிக்குமே, அதுதான். பாட்டி கண்ணேறு கழிகிறது என்பார். உப்பளத்துப் பாத்தியில் கல் விளையும்போது உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகிக் கல்லை உடைக்கிறது. உடைகிறதே தவிர உருகவில்லை.

கடைசியாக இந்தத் தம்ளர். 801 டிகிரி வரை மசியாத உப்பு, சாதாரணத் தண்ணீரில் எப்படிக் கரைகிறது? தண்ணீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின். ஆக்சிஜன் முகத்தைக் காட்டிச் சோடியத்தைச் சூழ்கின்றன, ஹைட்ரஜன் முகத்தைக் காட்டிக் குளோரினைச் சூழ்கின்றன. ஒவ்வொரு அயனியாகக் கழற்றிக் கூட்டிப் போய்விடுகின்றன. அந்தச் சூழ்தலில் கிடைக்கும் ஆற்றல், 787ஐக் கிட்டத்தட்ட முழுதாக ஈடுகட்டிவிடுகிறது. 58.5 கிராம் உப்புக்குக் குறைவது வெறும் 4 கிலோஜூல், அதையும் தண்ணீரின் சூட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் உப்புக் கரைந்தால் தண்ணீர் மிக லேசாகக் குளிரும், விரலுக்குத் தெரியாது.

கல்லின் முனை மழுங்க ஆரம்பித்துவிட்டது, பாருங்கள். மூலையில் இருக்கும் அயனிக்குப் பக்கத்தில் ஆறு பேர் இல்லை, மூன்றே பேர். பிடிப்பு குறைந்த இடம், அங்கிருந்து முதலில் கழல்கிறது.

மூன்றாவது விசில் வந்துவிட்டது. பருப்புக்கு இன்னும் உப்புப் போடவில்லை. இந்தத் தம்ளரையே ஊற்றிவிடுகிறேன், வீணாக்குவானேன்.