வேலிக்கு ஓணான் சாட்சி

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

கூட்டத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, ஏழாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, இன்றைக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து என் தப்புகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஐயா அவர்களே, கடற்கரை ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு இன்று ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது, அதை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இரண்டு மின்விசிறி கொடுத்து உதவிய பாத்திரக்கடை அண்ணாச்சியைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு நான் கடைப்பக்கம் போக முடியாது. அண்ணாச்சிக்கும் நன்றி.

மூன்று செய்தி சொல்வதாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். அணுமின் நிலையத்தை யார் கண்காணிப்பது, கண்காணிப்பவரை யார் கண்காணிப்பது, விபத்து நடந்தால் இழப்பீடு யார் கொடுப்பது.

எங்கள் ஆச்சி அடிக்கடி ஒன்று சொல்லுவாள்: வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி. இந்த ஓணான் ஜப்பானிலும் உண்டு. அந்தக் கதையைக் கேளுங்கள்.

ஃபுகுஷிமா டாய்ச்சி என்று ஒரு அணுமின் நிலையம். டோக்கியோ மின்நிறுவனம், சுருக்கமாக டெப்கோ, நடத்தியது. அங்கே உலைகளைப் பரிசோதிக்க ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து ஒருவர் வருகிறார். அவர் பெயர் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். 1989-ல் முதல் உலையின் நீராவி உலர்த்தியில் விரிசல் பார்க்கிறார், வீடியோவும் எடுக்கிறார். "வீடியோவில் விரிசல் தெரிகிற இடத்தை வெட்டிவிடுங்கள்" என்கிறார்கள் டெப்கோக்காரர்கள். வெட்டிக் கொடுக்கிறார். ஆனால் அது மனசை அரிக்கிறது. பதினோரு வருஷம் கழித்து, 2000-ல், ஜப்பான் அரசுக்குக் கடிதம் எழுதுகிறார்.

தாய்மார்களே, நம் வீட்டில் திருட்டுப் போகிறது, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கிறோம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஏட்டையா நேரே யார் மேல் சந்தேகமோ அவன் வீட்டுக்குப் போய், "தம்பி, இன்னார் உன்மேல் எழுதிக் கொடுத்திருக்கிறார், நீயே விசாரித்துச் சொல்லு" என்றால் எப்படி இருக்கும்? (சிரிப்பு) சிரிக்காதீர்கள், அங்கே நடந்தது அதுதான். அவர் பெயரை டெப்கோவிடமே கொடுத்தார்கள். விசாரணையும் டெப்கோ கையில். இரண்டு வருஷம் ஓடியது. 2002 ஆகஸ்டில்தான் ஊருக்குத் தெரிந்தது. இப்படி 29 சம்பவங்கள் என்றார்கள். தலைவர்கள் பதவி விலகினார்கள், அடுத்த ஆண்டு டெப்கோவின் 17 உலைகளையும் நிறுத்திப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. அரசாங்கம் ஒருமுறை அந்த மனுஷன் பெயரை வெளியில் விட்டது போதும். நான் விடமாட்டேன்.

ஜப்பானில் அணு உலைகளைக் கண்காணித்த அமைப்பு அப்போது எந்த அமைச்சகத்தின் கீழ்? அணுமின்சாரத்தை வளர்க்க வேண்டிய அதே பொருளாதார அமைச்சகத்தின் கீழ். வேலிக்கு ஓணான் சாட்சி! 2008-லேயே 15.7 மீட்டர் சுனாமி வரலாம் என்று டெப்கோ கணக்குப் போட்டு வைத்திருந்தது. கண்காணிப்பாளரிடம் அதைச் சொன்னது 2011 மார்ச் 7. அலை வந்தது மார்ச் 11. நிலையம் நாசமானது. இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று மறுவருஷம் அவர்கள் நாடாளுமன்றம் அமைத்த குழுவே எழுதியது. அதற்குப் பிறகுதான் தனி ஆணையம் வந்தது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே அணுமின் நிலையங்களைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-ல் அரசாணையால் உண்டானது. இத்தனை வருஷமும் வாரியம் பதில் சொல்ல வேண்டியிருந்தது அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவர் அணுசக்தித் துறையின் செயலாளர். நிலையங்களை நடத்தும் கழகமும் அதே துறையில். ஆச்சி இருந்திருந்தால் நான் பேசவே வேண்டாம். விதியை மீறினால் அதிகபட்ச அபராதம் 500 ரூபாய் என்று 2012-ல் தணிக்கை அதிகாரி அறிக்கையில் குறை சொன்னார். ஹெல்மெட் இல்லாமல் போனால் இன்றைக்கு ஆயிரம். தனிக் கண்காணிப்பு ஆணையத்துக்காக 2011-ல் கொண்டுவந்த மசோதா 2014-ல் காலாவதியானது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டத்தில் வாரியத்துக்குச் சட்டத் தகுதி கிடைத்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் தாளில் உள்ள தகுதி களத்தில் தெரிய வேண்டும்.

வாரியம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2013 ஏப்ரலில் கூடங்குளம் முதல் உலையில் நான்கு வால்வுகள் சரியில்லை என்று தெரிந்து, சரிசெய்யச் சொன்னார்கள். நல்லது. பக்கத்திலேயே வலை இழுக்கும் நமக்கு அது எப்படித் தெரிந்தது? பேப்பரில் படித்து! அதற்கு முந்தின வருஷம், பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடுங்கள் என்று மத்தியத் தகவல் ஆணையமே சொல்ல வேண்டியிருந்தது.

அதனால்தான் ஊர் ஊராக நான் கேட்டுவருகிறேன். ஆய்வுக்கு வருகிறவர் எழுதும் குறிப்பு தமிழில் வேண்டும். எந்த வால்வு, என்ன கோளாறு, எந்தத் தேதிக்குள் சரிசெய்வார்கள் என்று ரேஷன் கடைப் பலகையில், அரிசி இருப்புக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். இருப்பைப் படிக்கிறவர்கள் இதையும் படிப்பார்கள். எழுத்துப் பிழை இருந்தால் நம் ஐயா திருத்திக் கொடுப்பார். (கைதட்டல்)

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். இழப்பீட்டை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். மனுத்தாள் தேநீர் மேசையில் இருக்கிறது, பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். கையெழுத்தோடு ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். போன கூட்டத்தில் பாதிப் பேர் எழுதவில்லை.