மூன்று இரண்டானபோது: 1925–26 இங்கிலாந்து கால்பந்து சீசன்

[காட்சி: மேலிருந்து தெரியும் மைதானம். திரையில்: 29 ஆகஸ்ட் 1925]

சீசனின் முதல் நாள். வில்லா பார்க்கில் ஆஸ்டன் வில்லா 10, பர்ன்லி 0. அந்தக் கோடையில் ஆஃப்சைடு விதியில் ஓர் எண் மாறியிருந்தது. அந்த மாற்றத்தின் முதல் அடி பர்ன்லி மேல் விழுந்தது.

பழைய விதி இதுதான். பந்து உதைபடும் நொடியில் முன்கள ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் 3 பேராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆஃப்சைடு, அதாவது தவறு: விசில் ஊதி பந்து எதிரணிக்குப் போகும்.

[காட்சி: கோல்கீப்பர், இரண்டு ஃபுல்பேக், ஒரு ஃபார்வர்டு]

இந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். பின்வரிசைக் காவலர்களான ஃபுல்பேக்குகளில் ஒருவர் மட்டும் நாலு அடி முன்னே வந்து, எதிரணியின் ஃபார்வர்டை, அதாவது முன்கள ஆட்டக்காரரை, தாண்டி நிற்கிறார். பின்னால் மிச்சம் கோல்கீப்பரும் இன்னொரு ஃபுல்பேக்கும், ஆக 2 பேர்தான். ஃபார்வர்டு மாட்டிக்கொண்டார். கணக்கு தப்பினாலும் கவலையில்லை, பின்னால் ஒரு ஃபுல்பேக் காவலுக்கு இருக்கிறார். நியூகாஸிலின் பில் மெக்ராக்கன் இதில் கைதேர்ந்தவர். எல்லா அணிகளும் இதைப் பிடித்துக்கொள்ள, ஆட்டம் நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையில் நெருக்கியடித்தது, விசில் ஓயவில்லை.

புதிய விதியில் 3 என்பது 2 ஆனது. இப்போது பொறி வைக்க இரண்டு ஃபுல்பேக்கும் ஒரே நொடியில் முன்னேற வேண்டும். ஒருவர் அரை நொடி தாமதித்தால் ஃபார்வர்டுக்கு எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். காவலுக்கு நின்ற அந்த ஒரு ஆள் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

[திரையில்: 1192 → 1703]

லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் 462 ஆட்டங்கள். முந்தைய சீசனில் விழுந்த கோல்கள் 1192, இந்த சீசனில் 1703. பிளாக்பர்னின் டெட் ஹார்ப்பர் மட்டுமே 43 அடித்தார்.

அக்டோபர் 3. நியூகாஸில் 7, ஆர்சனல் 0. ஹெர்பர்ட் சாப்மன் ஆர்சனலுக்கு மேலாளராக வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நடு வரிசையின் மைய ஆட்டக்காரரான சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்று கேப்டன் சார்லி பக்கன் வற்புறுத்தினார்.

மேசையில் 10 காசுகளை வைத்து நீங்களே செய்து பாருங்கள். பின்னால் 2, நடுவில் 3, முன்னால் 5. நடு வரிசையின் மையக் காசை இரண்டு ஃபுல்பேக்குக்கும் இடையே இறக்குங்கள். அவர் வேலை எதிரணியின் சென்டர் ஃபார்வர்டைவிட்டு நகராமல் இருப்பது. இப்போது ஃபுல்பேக்குகளை விரித்து, ஓரங்களில் ஓடும் எதிரணி விங்கர்கள் பக்கம் அனுப்பலாம். ஆனால் நடு வரிசையில் ஓட்டை விழும். அதை அடைக்க முன்வரிசையிலிருந்து ஒரு இன்சைடு ஃபார்வர்டை, அதாவது சென்டர் ஃபார்வர்டுக்குப் பக்கத்தில் நிற்பவரை, கீழே கொண்டுவாருங்கள். அந்த இடத்தைப் பக்கன் தனக்கே கேட்டார். சாப்மன் ஆண்டி நீலிடம் கொடுத்தார். சென்டர் ஹாஃப் ஜாக் பட்லர் பின்னே நின்றார். இரண்டே நாளில் வெஸ்ட் ஹாமை அவர்கள் மைதானத்திலேயே 4–0 என ஆர்சனல் வென்றது. தோல்வியிலிருந்து இத்தனை சீக்கிரம் படித்துத் திருத்திக்கொண்டது அபாரம். இந்த மாற்றம் முழுமையடைந்து டபிள்யூ-எம் அமைப்பாகப் பின்னாளில் பெயர் பெற்றது; ஆட்டக்காரர்கள் நிற்கும் விதம் W, M எழுத்துகளைப் போலிருக்கும்.

ஆனாலும் பட்டம் சாப்மன் விட்டு வந்த ஹடர்ஸ்ஃபீல்டுக்கே: 57 புள்ளிகள், தொடர்ந்து மூன்றாம் முறை. ஆர்சனல் 52 புள்ளிகளோடு இரண்டாமிடம்.

[காட்சி: பட்டியலின் அடிப்பகுதி]

மனம் கனப்பது மான்செஸ்டர் சிட்டிக்காக. 89 கோல் அடித்தார்கள், 100 வாங்கினார்கள். எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் போல்டனிடம் 0–1. லீக்கின் கடைசி ஆட்டத்தில் நியூகாஸிலிடம் 2–3. அதில் ஒரு பெனால்டியும் வீண். 35 புள்ளிகளோடு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். முதல் நாளில் 10 கோல் வாங்கிய பர்ன்லி, 36 புள்ளிகளோடு தப்பியது.