பொது வார்டில் மனநலச் செவிலியருக்கு என்ன வேலை?

[காட்சி: எலும்பு முறிவு வார்டு, நள்ளிரவு]

வணக்கம். இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த ஒருவர், புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் இரவில் அவருடைய கைகள் நடுங்குகின்றன, உடல் வியர்வையில் நனைகிறது, சுவரெங்கும் பூச்சி ஊர்வதாக அலறியபடி கையிலிருந்த சலைன் ஊசியைப் பிடுங்கி எறிகிறார். "காத்து கருப்பு அடிச்சிடுச்சு சிஸ்டர்" என்று மனைவி அழுகிறார். அழைப்பின்பேரில் வரும் மனநலச் செவிலியரோ, "அம்மா, அவர் கடைசியா எப்போ குடிச்சார்?" என்று கேட்கிறார்.

தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 8 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள், உயிருக்கே ஆபத்தான டெலிரியம் டிரெமன்ஸ் என்னும் கடும் குழப்பநிலை சிலரைத் தாக்கும். நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம் உள்ளிட்ட 10 அறிகுறிகளுக்கு மதிப்பெண் இட்டு, மருத்துவர் மருந்தின் அளவைத் தீர்மானிக்கச் செவிலியர் உதவுகிறார். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் என்னும் வைட்டமின் பி1 போடப்பட்டதா என்றும் பார்க்கிறார். கட்டிலோடு கட்டிவைத்தால் மிரட்சி கூடும் என்பதால், விளக்கை எரியவிட்டு, தெரிந்த முகம் ஒன்றை அருகில் அமர்த்துகிறார். சாராயக்கடைகள் நிறைந்த இவ்வூரில், குடியைப் பற்றிய அந்தக் கேள்வியை அட்மிஷன் போடும்போதே கேட்டாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வார்டுச் செவிலியர்களுக்கு அதைப் பழக்குவதும் இவருடைய பணியே.

அறுவை சிகிச்சைக்குப் பின் சத்தமில்லாமல் சுருண்டு கிடக்கும் முதியவரின் குழப்பநிலை, அவர் யாருக்கும் தொல்லை தராததாலேயே கண்ணில் படாமல் போகும். மூக்குக்கண்ணாடியும் பகல் வெளிச்சமும் கூட அவருக்குச் சிகிச்சையின் பகுதிதான்.

[காட்சி: மருத்துவ வார்டு, காலை]

கடலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பூச்சிமருந்து குடித்து உயிர் பிழைத்த இளைஞர் வருகிறார். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், மாறாக நிரூபிக்கப்படாதவரை அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. "சாகணும்னு இப்பவும் தோணுதா தம்பி?" என்று செவிலியர் நேராகவே கேட்கிறார், கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், வீட்டிலுள்ள பூச்சிமருந்தைப் பூட்டி வைக்குமாறு தாயிடம் சொல்லி, எந்நேரமும் கட்டணமின்றிப் பேசக்கூடிய அரசு மனநல உதவி மையமான டெலி மானஸின் எண் 14416ஐ இளைஞரின் கைப்பேசியில் பதிந்து கொடுத்து, மறுபரிசோதனைத் தேதியை இருவரிடமும் கூறி அனுப்புகிறார்.