ஆத்துல போட்டாலும் அளந்து போடு

மேடையில வீற்றிருக்கும் நம்ம மக்கள் பிரதிநிதி மாண்புமிகு ஓய்பி அவர்களே, ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, தமிழ்ப்பள்ளி தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் தம்பி அவர்களே, கொட்டுற மழையிலயும் வந்து உக்காந்திருக்கிற நம்ம மலேசியா சுங்கை சிப்புட் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போத்துன மகளிர் அணிக்கும், மைக் செட் தம்பிகளுக்கும் நன்றி. ஓய்பிக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கு, ஆனா இத மட்டும் கேட்டுட்டுத்தான் போகணும்னு அன்போட கேட்டுக்கிறேன்.

ஏர்போர்ட், ரோடு, கால்வாய், பள்ளிக்கூடம்னு பெரிய பொது இடங்கள்ல சோலார் போட்டா போட்ட காசு திரும்புமா? மூணு விஷயம் பேசப்போறேன்: எங்க போடுறது, எந்த நேரத்துல கரண்ட் தேவை, அப்புறம் பேட்டரி.

கொச்சி ஏர்போர்ட்ட பாருங்க. 2015 ஆகஸ்ட்ல 45 ஏக்கர்ல 12 மெகாவாட் போட்டாங்க, செலவு சுமார் 62 கோடி ரூபாய், பகல்ல மிஞ்சுறத மின்வாரியத்துக்கு கொடுத்துட்டு ராத்திரி திரும்ப வாங்கிக்கிறாங்க. சொந்த நிலம், பகல் பூரா ஏர்கான் ஓடுற கட்டடம், அதனால கணக்கு சரியா வந்துச்சு. பிரான்ஸ்ல நார்மண்டியில 2016-ல ஒரு கிலோமீட்டர் ரோட்டுமேலயே பேனல் பதிச்சாங்க, 5 மில்லியன் யூரோ. டிராக்டர் ஏறி உடைஞ்சுது, இலை விழுந்து மூடிடுச்சு, எதிர்பார்த்த கரண்ட் வரல. குஜராத்ல 2012-ல கால்வாய்க்கு மேல 750 மீட்டருக்கு போட்டாங்க, தண்ணி ஆவியாகறது குறையும், நல்ல யோசனைதான், ஆனா தாங்குற இரும்புச் சட்டத்துக்கே செலவு கூட. எங்க பாட்டி சொல்லும், ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு.

அளக்காம போட்டா என்ன ஆகும்னு எங்க ரப்பர் தோட்டத்து திருவிழாவுல பாத்தோம். அப்பல்லாம் தொழிலாளிங்க குடியிருந்த லயத்துக்கு கரண்ட் ராத்திரி பத்து மணியோட கட். அதனால கமிட்டி வாடகைக்கு ஒரு பெரிய ஜெனரேட்டர் எடுத்துச்சு, வாசல்ல ஆர்ச், மரத்துக்கு மரம் டியூப் லைட்டு, பக்கத்து தோட்டத்துக்காரங்கல்லாம் வாயப் பொளந்தாங்க. அரிச்சந்திரன் நாடகம் நடக்குது, மயான காண்டம், சந்திரமதி பிள்ளைய மடியில போட்டு அழுகுது, பொம்பளைங்கல்லாம் முந்தானையால கண்ணத் துடைக்கிறாங்க, அந்த நேரத்துல படார்னு எல்லாம் இருட்டு! டீசல் தீந்துபோச்சு. வாடகைக்கு வசூல் பண்ணவங்க டீசலுக்கு கணக்கே போடல. தோட்டத்து கணக்குப்பிள்ளை கிராணி வீட்டுக் கதவத் தட்ட ஒரு ஆள் ஓடுறாரு, ஸ்டோர் சாவி வேலையாட்கள மேய்க்கிற மண்டோர்கிட்ட இருக்கு, மண்டோர் கூட்டத்துல எங்கேயோ உக்காந்திருக்காரு, இருட்டுல ஆளத் தெரியல. சந்திரமதி வேஷம் கட்டுன அண்ணன் மட்டும் அழுகைய நிறுத்தவே இல்ல, கேஸ் விளக்கு வர்ற வரைக்கும் அழுதாரு, எங்க அம்மா அதப் பத்தி சாகுற வரைக்கும் பேசிச்சு. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் ஐயா!

இப்ப நம்ம பள்ளிக்கு வர்றேன், நான் மேடை ஏறுனதே இதுக்குத்தான். நம்ம ஊர் வெயில்ல ஒரு கிலோவாட் பேனல் வருஷத்துக்கு சுமார் 1,200 யூனிட் கொடுக்கும். பள்ளிக்கூடம் ஓடுறது பகல்ல, காத்தாடி, கம்ப்யூட்டர் ரூம், கேன்டீன் பிரிட்ஜ் எல்லாம் வெயில் நேரத்துலதான் கரண்ட் இழுக்குது, லீவு நாள்ல மட்டும்தான் மிஞ்சும். கோயிலுக்கு ராத்திரிதான் வெளிச்சம் வேணும், அதனால தலைவர் ஐயா கோவிச்சுக்காதீங்க, முதல்ல பள்ளிக்கூடம். ஆனா அந்தக் கூரைய போய் பாருங்க. இரண்டாம் ஆண்டு வகுப்புல மழை பெஞ்சா மூணு வாளி வைக்கிறாங்க, தகரத்துல ஸ்குரு போட்ட எடமெல்லாம் துரு. பேனல் 25 வருஷம் உழைக்கும், இந்தக் கூரை அஞ்சு வருஷம் தாங்காது. அப்படியே மேல போட்டா, கூரை மாத்துறப்ப பேனலக் கழட்டி மாட்டுற கூலி தனி, மிச்சமான பில் காசெல்லாம் அதுலயே போயிடும். பேட்டரி பத்தி நேரமில்ல, விடுங்க.

காசு எங்கன்னு கேப்பீங்க. 1960-ல அமைச்சரா இருந்த நம்ம தலைவர் சம்பந்தன் ஐயா கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்ப, ரப்பர் மரத்துல பால் வெட்டுன நம்ம ஆளுங்க கொஞ்சம் கொஞ்சமா கட்டித்தான் தோட்டத்தையே வாங்குனாங்க. ஒரு பள்ளிக்கூரை நம்மால முடியாதா?

பின்னாடி மேசையில ஃபாரம் இருக்கு, வீட்டுக்கு மாசம் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட். கடைசி 12 மாச கரண்ட் பில் காப்பி தலைமையாசிரியை அம்மா தர்றேன்னுட்டாங்க, அத வச்சுத்தான் மூணு கம்பெனிகிட்ட கொட்டேஷன் கேப்போம். கூரைக்கு மானியம் கேட்டு எழுதுன கடிதம் இதோ, ஓய்பி, உங்க கையிலயே கொடுக்குறேன், இந்த மேடையிலயே வாங்கிக்கணும்.