படுகளத்துத் துரியோதனனும் அண்டர்டேக்கரும்

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, தைப் பனிக்குத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு இந்நேரம் வரை எழாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் பொங்கல் வாழ்த்து. 'தொலைக்காட்சி மல்யுத்தம் சுவைப்பது உண்மையென்று நம்பியபோதா, நாடகமென்று தெரிந்தபோதா?' என்னும் தலைப்பில், தெரிந்தபோதுதான் என்று வாதாட வந்திருக்கிறேன். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். முப்பது ஆண்டுகளாக இந்த மல்யுத்தத்தை விடாமல் பார்த்து, அதற்காக வீட்டில் திட்டு வாங்கிவருகிறவன் என்பதைத் தவிர இந்த மேடையேற எனக்கு வேறு தகுதி கிடையாது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஓர் அழகான உவமை சொன்னார். தாயத்தைக் கட்டியிருக்கும் வரைதான் அதற்குச் சக்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் செப்புத் தகடும் மெழுகும்தான் மிஞ்சும், மல்யுத்தத்தையும் அப்படிப் பிரித்துப் பார்த்துக் கெடுத்துவிட்டார்கள் என்றார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், ஏனென்றால் தாயத்துக் கட்டிய அந்தக் கைகளில் என் கையும் ஒன்று.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு இருந்தது ஒரே ஒரு வீட்டில். திண்ணையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வீட்டு அம்மாள் சீரியலை முடிக்கும் வரை வாசற்படியில் காத்திருந்து, பிறகு உள்ளே போய்ச் சிமெண்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்து பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு ஆட்டம். உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் அளவு, ஆடிய போட்டிகள், வென்ற போட்டிகள் என்று ஒவ்வோர் அட்டையிலும் அச்சிட்டிருக்கும். யோகோசூனா அட்டை கையில் இருப்பவன் 'எடை' என்று கேட்டுவிட்டால் எதிரில் இருப்பவன் தன் அட்டையைப் பேசாமல் நீட்டிவிட வேண்டியதுதான். அந்த அட்டைகளின் ஓரம் நைந்து, மூலை மடிந்து, கால்சட்டைப் பையின் வியர்வையில் மை கரைந்து போகும் வரை ஆடியிருக்கிறோம். யோகோசூனாவை ஜப்பானிய சுமோ வீரர் என்றே நம்பினோம். அவர் அமெரிக்காவில் வாழ்ந்த சமோவாக் குடும்பத்துப் பிள்ளை என்பது எனக்குத் தெரிந்தபோது எனக்கே ஒரு பிள்ளை பிறந்திருந்தது.

ஆனால் நடுவர் அவர்களே, எதிரணியினர் பொற்காலம் என்று போற்றும் அந்த நம்பிக்கைக் காலம் உண்மையில் எப்போது முடிந்தது என்று பாருங்கள். விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் அதற்குக் கட்டும் வரியிலிருந்தும் தப்புவதற்காக, இது போட்டியன்று, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று இந்த மல்யுத்தத்தை நடத்திய வின்ஸ் மக்மேனின் நிறுவனம், இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ., தானே முன்வந்து ஒப்புக்கொண்டது 1989இல், நியூஜெர்சி மாநிலச் செனட்டில். நாங்கள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து 'உண்மையாகவே அடிக்கிறான்டா' என்று சத்தியம் செய்ததற்கு ஐந்தாறு ஆண்டு முன்னாலேயே, தாயத்துச் செய்தவனே அதை அரசாங்கத்தின் முன் பிரித்துக் காட்டிவிட்டான். ஆகவே நாம் நம்பிய காலம் என்பது வேறொன்றுமில்லை, பாலக்கோட்டுக்குச் செய்தி வந்து சேராத காலம்.

அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்த ரகசியக் காப்புக்கு 'கேஃபேப்' என்று ஒரு குழூஉக்குறி வைத்திருந்தார்கள். நல்லவனாக நடிப்பவனும் கெட்டவனாக நடிப்பவனும் வெளியூரில் ஒரே காரில் போகக் கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, அவ்வளவு கட்டுப்பாடு. 1996 மே மாதம் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், நிறுவனத்தை விட்டு வெளியேறும் இரண்டு நண்பர்களுக்காக, மேடையில் பகைவர்களாக வலம்வந்த நால்வர் கூட்டத்தின் கண்முன்னே கட்டித் தழுவி விடைபெற்றபோது அந்தக் கட்டுப்பாடு உடைந்தது. மறு ஆண்டு நவம்பரில் மாண்ட்ரீலில் நடந்தது இன்னும் மோசம். பட்டம் வைத்திருந்த பிரெட் ஹார்ட்டுக்குச் சொல்லப்பட்ட முடிவு ஒன்று, நடந்த முடிவு வேறொன்று. அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலேயே மணியை அடிக்கச் சொல்லிப் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். அவர் மேடையில் நின்றபடியே முதலாளி மக்மேனின் முகத்தில் உமிழ்ந்தார். மணி தங்கள் கையில் இருப்பதால் சொல்லிவைக்கிறேன், நடுவர் அவர்களே, தாங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் தொடர்ந்து பேசுகிறேன்.

எதிரணி நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், திரௌபதி அம்மன் கோயில் முன்னால் 18 நாள் பாரதம் பார்த்து வளர்ந்தவர்கள், முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று எப்படி ஐயா சொல்லத் துணிந்தீர்கள்? துரியோதனன் சாவான் என்பது கூத்து தொடங்குவதற்கு முன்பே கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதானே பாயைச் சுருட்டிக்கொண்டு போய் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்? இருவர் திரையைப் பிடித்து நிற்க, திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிய, கீழே சலங்கைக் கால் மட்டும் தெரிய, முகத்தைக் காட்டாமலேயே துரியோதனன் தன் பெருமையைத் தானே பாடும் அந்தத் திரை வரவையும், அரங்கத்தின் விளக்குகள் மொத்தமாக அணைந்து, மணி ஒரு முறை ஒலித்து, புகைக்கு நடுவே கறுப்புத் தொப்பியும் நீண்ட கோட்டும் அணிந்து ஏறத்தாழ ஏழடி உயர அண்டர்டேக்கர் ஒவ்வோர் அடியாக அளந்து வைத்து வரும் வரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த மார்க் காலவே என்பது எனக்குத் தெரியும். துரியோதனனாக வருபவர் மறுநாள் காலையில் முகத்து அரிதாரம் முழுதாகப் போகாமலேயே எங்கள் மண்டிக்கு எதிரில் தேநீர் குடிப்பார் என்பதும் தெரியும். அதனால் எனக்கு எந்தச் சிலிர்ப்பும் குறைந்ததில்லை.

கண்ணபிரான் பொறுத்தருள வேண்டும், இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது விதி. கண்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்ட, அந்தச் சாடையைப் பிடித்துக்கொண்டு வீமன் தொடையில் அடிக்கிறான். நடுவர் வேறு பக்கம் திரும்பிய நேரத்தில் மேனேஜர் கயிற்றுக்கு வெளியே நின்று சைகை காட்டும் காட்சியை அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக யாரும் பெருமைப்பட வேண்டியதில்லை.

'அன்று கெட்டவனை வெறுத்தோம், இன்று கெட்டவனுக்கும் கைதட்டுகிறார்கள், பண்பாடே தலைகீழாகிவிட்டது' என்று எதிரணித் தோழி ஒருவர் வருத்தப்பட்டார். அம்மா, கூத்தில் ராஜ வேடம் என்று எதைச் சொல்கிறோம்? இருப்பதிலேயே நல்ல குரலும் நல்ல அடவும் உள்ளவருக்குத்தானே துரியோதனன் வேடம் கொடுக்கிறார்கள்? ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவதும் அவருக்குத்தானே? கெட்டவனை நன்றாகச் செய்கிறவனுக்குக் கைதட்டும் பண்பாடு நமக்கு நேற்று வந்ததன்று. அமெரிக்காக்காரர்களுக்குத்தான் அது தாமதமாக வந்திருக்கிறது.

இனி, தெரிந்துகொண்டதால் என்ன கிடைத்தது என்பதற்கு வருகிறேன். நம்பிக்கொண்டிருந்த வயதில் எனக்குக் கிடைத்தது ஒரு காறை எலும்பு முறிவு. மேல்கயிற்றில் ஏறி நின்று பாய்கிறார்களே, அதை நம்பி, பம்புசெட்டு மேட்டிலிருந்து வைக்கோல் போரின் மேல் பாய்ந்தேன். போர் தப்பித் தரையில் விழுந்தேன். புத்தூர்க் கட்டுப் போட்டு ஒன்றரை மாதம் இடக்கையால் சோறு தின்றேன். பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன், விழுவது ஒரு வித்தை என்று. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பம்ப்'. முகவாயை மார்போடு ஒட்டிவைத்து, மூச்சை வெளியே விட்டு, முதுகின் மேல்பாகம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி, இரண்டு கைகளையும் விரித்து அறைந்து விழ வேண்டும். விழும் இடமும் மெத்தையன்று. இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் மெல்லிய பஞ்சு, அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி, அவ்வளவுதான். ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் போய் அதன்மேல் முதுகைக் கொடுக்கிறார்கள்.

கழுத்தைப் பிடித்து நெரிப்பது போல இருவர் ஒட்டிக் கிடக்கிறார்களே, அந்த நேரத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று காதோடு காதாகப் பேசிக்கொள்கிறார்கள். இது தெரிந்த நாளிலிருந்து நான் அதைக் கண்கொட்டாமல் பார்க்கிறேன். குந்தாரப்பள்ளிச் சந்தையில் துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் விரலைப் பிடித்து விலை பேசும்போது, சுற்றி நிற்கிற நமக்கு ஒன்றும் தெரியாமலேயே எவ்வளவு ஆர்வமாக இருக்கிறது! துண்டுக்கு அடியில் பேரம் நடக்கிறது என்பது தெரியாதவனுக்கு அது இரண்டு பேர் சும்மா நிற்கும் காட்சிதான்.

நம்பிய காலத்தின் கொடுமையான பக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்த வாதத்தில் நேர்மை இருக்காது. 1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டியில், வேடிக்கைக் கதாநாயகன் வேடத்தில் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கப்பட இருந்த ஓவன் ஹார்ட், பிடிப்பு விடுபட்டுக் கீழே விழுந்து உயிரிழந்தார். மாண்ட்ரீலில் ஏமாற்றப்பட்டவர் என்று சொன்னேனே, அந்த பிரெட் ஹார்ட்டின் தம்பி அவர். வயது 34. இது நிகழ்ச்சியின் பகுதியன்று என்று வர்ணனையாளர் தொலைக்காட்சியில் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் எதையும் உண்மைபோலக் காட்டிப் பழக்கிய இடத்தில் உண்மையே ஒரு சித்து வேலை போலத் தெரிந்தது. நிகழ்ச்சியை அவர்கள் நிறுத்தவும் இல்லை. அர்ச்சுனன் தபசு அன்று நம் ஊரில் உயரமான மரத்தை நட்டு, வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே அதன்மேல் ஏறும்போது மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்த்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறதே, அது பாசுபதம் கிடைக்குமா கிடைக்காதா என்பதற்காகவா? கதை எழுதிவைத்ததாக இருக்கலாம், உயரம் எழுதிவைத்ததன்று. அது தெரிந்தவன்தான் ஏறுகிறவனுக்காகப் பயப்படுவான்.

அந்தப் பயம் வந்த பிறகுதான் மாற்றங்களும் வந்தன. நெற்றியைப் பிளேடால் கீறி ரத்தம் காட்டும் பழக்கத்தை டபிள்யூ.டபிள்யூ.இ. 2008 வாக்கில் கைவிட்டது. நாற்காலியால் தலையில் அடிப்பதை 2010இல் தடைசெய்தது. எதிரணியினர் இதைத்தான் 'காரம் குறைந்துவிட்டது' என்கிறார்கள். பிறர் மூளையில் அரைத்த காரம் எனக்கு வேண்டாம். பெண்களுக்கு முன்பெல்லாம் ஒதுக்கியது சில நிமிடங்கள். 2015இல் ஒரு போட்டி அரை நிமிடத்தில் முடிந்துபோனபோது, தெரிந்து பார்க்கும் ரசிகர்கள்தான் சும்மா இருக்காமல் இணையத்தில் நியாயம் கேட்டார்கள். 2019இல் ரெஸில்மேனியா என்னும் ஆண்டுப் பெருவிழாவின் இறுதிப் போட்டியாகவே பெண்கள் மூவர் மோதினார்கள். நம்பிக்கொண்டிருந்தவன் இப்படிக் கேட்டிருக்க முடியுமா? நடப்பதெல்லாம் தலைவிதி என்று எழுந்து போயிருப்பான்.

எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் இதை நெட்ஃபிளிக்ஸில்தான் பார்க்க வேண்டும், சந்தா கட்ட வேண்டும். தேநீர்க் கடையில் பத்துப் பேர் நின்று பார்த்த காலம் போய்விட்டது. அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அது பணத்தால் வந்த வினை, அறிவால் வந்ததன்று. மண்டியில் கைபேசியைத் தக்காளிக் கூடைமேல் சாய்த்து வைத்து ஐந்து பேர் இன்னமும் பார்க்கத்தான் செய்கிறோம். 2025 டிசம்பர் 13ஆம் தேதி வாஷிங்டனில் ஜான் சீனா தன் கடைசிப் போட்டியில் குந்தரிடம் தோற்றார். 'ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே' என்பதைக் காலமெல்லாம் தன் முழக்கமாக வைத்திருந்தவர், பிடியில் சிக்கிக் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். முடிவு எழுதப்பட்டது என்று அந்த அரங்கத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கூட்டமோ கொதித்துப்போய்க் கூச்சலிட்டது. எங்கள் மண்டியில் சுமை தூக்கும் தம்பி ஒருவன், 'எழுதினவன் யாருண்ணா?' என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். நம்பிய காலத்தில் அடித்தவன்மேல் கோபப்பட்டோம், இன்று எழுதியவன்மேல் கோபப்படுகிறோம். கோபத்தின் அளவில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை.

மணியின் மேல் தங்கள் கை போவதைப் பார்க்கிறேன், நடுவர் அவர்களே. ஒன்றே ஒன்று சொல்லி அமர்ந்துவிடுகிறேன். 1998இல் பிட்ஸ்பர்கில், 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் கீழே தள்ளிவிட்ட காட்சியைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். ஒருநாள் எங்கள் வீட்டில் அது ஓடிக்கொண்டிருந்தபோது, எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத என் பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டுதோறும் 18 நாள் பாரதத்தை ஒரு நாள் விடாமல் பார்த்தவர். நான் பதறிப்போய், 'பாட்டி, செத்துட்டானா?' என்றேன். பாட்டி மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: 'வேஷக்காரன் எங்கடா சாவான். ஆனா, எந்தத் தாய் பெத்த புள்ளையோ, ராத்திரி முதுகுக்கு யாராச்சும் ஒத்தடம் குடுப்பாங்களா?'